சரளைத் தடமும் கோட்டை மதிலும் (9): காறை எலும்புக்கு ஓர் ஊர்

பிரான்சின் லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளும் அவற்றினூடே செல்லும் சரளைப் பாதைகளும் சென்ற வாரத்தோடு முடிந்துவிட்டன. அங்கிருந்து நாராயணவனத்துக்கு வந்த காரணமும் அப்போதே சொல்லப்பட்டுவிட்டது. இவ்வாரம் சந்திரகிரிக் கோட்டை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் நாராயணவனத்திலிருந்து சந்திரகிரிக்குச் செல்லும் வழியில் புத்தூர் குறுக்கிடுகிறது. புத்தூரை ஒரே வரியில் கடந்து செல்வது எளிதாக இல்லை.

நாராயணவனம், நகரி மலைத்தொடரின் அடிவாரத்தில், உள்ளூரில் அருணா நதி என்று வழங்கப்படும் ஆரணியாற்றின் கரையில், திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிக்கப்படும்வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகாசராசனின் தலைநகரமென்றும், அவன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணந்த இடமென்றும் தலபுராணம் கூறும் இவ்வூர்க் கல்யாண வெங்கடேசுவரர் கோயில் இன்று திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. கிழக்கே, கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாளின் பெயரால் அமைத்த நாகலாபுரமும், மேற்கே, பாளையக்காரர்களாக இருந்து ஜமீன்தார்களான மன்னர்களின் கார்வேட்டிநகரமும், வடமேற்கே, விசயநகரப் பேரரசின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்றான சந்திரகிரியும் அமைந்திருப்பதால், நாராயணவனத்தை நடுவாகக் கொண்டு மூன்று திசையிலும் ஒரு நாளில் சைக்கிளில் சென்றடையக்கூடிய அரச எச்சங்கள் இருக்கின்றன. லுவார் பள்ளத்தாக்கில் சுமார் 900 கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிள் தடத்தின் சந்திப்புதோறும் வழிகாட்டிப் பலகை நிற்கிறது. இங்கே அந்த வேலையை ஏரிக்கரைகளும் மாந்தோப்பு வண்டித்தடங்களும் ஆடு மேய்ப்பவர்களும் செய்கின்றனர். வழி கேட்டுப் போகும் பழக்கம் உள்ளவருக்கு இது ஒரு குறையே அல்ல.

சரளைச் சைக்கிள், அதாவது இன்று கடைகளில் ‘கிரேவல் பைக்’ என்று விற்கப்படும் வண்டி, பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடியும், மலைச் சைக்கிளுக்குச் சற்றுக் குறைவான அகலமுள்ள டயரும் கொண்டது. டயரின் அகலம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். தார்ச்சாலைப் பந்தய டயரில் இருப்பதைவிட மிகக் குறைந்த காற்றழுத்தமே அதில் வைக்கப்படுவதால், டயர் கல்லின் மேல் துள்ளாமல் கல்லைத் தழுவிக்கொண்டு உருள்கிறது. இந்த வகைப் பந்தயங்களுள் புகழ்பெற்றது 2006இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது. உலக சைக்கிள் கூட்டமைப்பின் முதல் சரளை உலக சாம்பியன்ஷிப் போட்டி 2022இல் இத்தாலியில் நடந்தது. இவ்வளவு புதுமையாகப் பேசப்படும் இந்த டயர் அளவை, புத்தூர்ச் சந்தைக்குப் பால்கேன் கட்டிக்கொண்டு வரும் பழைய கறுப்பு சைக்கிளின் டயர் ஓரத்திலேயே படிக்கலாம் என்பதுதான் வேடிக்கை: அங்கே 28 × 1½ என்று வார்க்கப்பட்டிருக்கும் எண் அங்குலக் கணக்கு, தரநிர்ணய முறையில் அதன் அகலம் 40 மில்லிமீட்டர். அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் கிராமச் சாலைக்கென்று செய்து அனுப்பிய வண்டிகள், பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே, சரளை வண்டிகளாகத்தான் இருந்தன.

டயர் பொருத்தமாக இருந்தாலும் சாலை விடுவதில்லை. இப்பகுதிச் சாலைகளில் இரு வகை உண்டு. ஒன்று, சாலைக் குத்தகைக்காரர்கள் கிராவல் மண் என்று அழைக்கும் சிவந்த சரளை மண்ணைக் கொட்டி உருளையால் அமுக்கிய தடம். மற்றொன்று, உடைத்த கருங்கல் ஜல்லியைப் பரப்பி, இடுக்குகளில் கல்தூளையும் மண்ணையும் இட்டு, தண்ணீர் தெளித்து இறுக்கிய ஜல்லிச் சாலை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறையின் வழிவந்த இரண்டாவது வகையில், கல்லைக் கல்லோடு பிடித்து வைத்திருப்பது அந்தத் தூள்தான் என்பதால், இரண்டு மழையில் தூள் கரைந்து போனால் ஜல்லி பல்லிளித்துவிடுகிறது. அத்தகைய தடத்தில் வளைவுக்குள் நுழைந்த பின் முன்பிரேக்கை அழுத்துபவரின் முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும்; ஓட்டுபவர் கையை ஊன்ற நேரமில்லாமல் தோளின் மேல் விழுவார். தோளில் விழுந்த அடி முழுவதும் காறை எலும்புக்குப் போகிறது.

காறை எலும்பு என்பது, தோளின் முனைக்கும் மார்பெலும்புக்கும் இடையே, கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார்த்தாலே தெரியும் மெல்லிய வளைந்த எலும்பு. கைக்கும் உடலின் நடுப்பகுதிக்கும் எலும்பால் ஆன இணைப்பு இது ஒன்றே. கருவில் எலும்பாக இறுகத் தொடங்கும் முதல் எலும்பும் இதுவே. இறுகி முடிவதற்கு இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்வதும் இதுவே. அதன் முறிவுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நடுப்பகுதியில் நேர்கின்றன. சைக்கிள் ஓட்டுபவர்களிடம் மிகுதியாக முறியும் எலும்புகளுள் இதுவும் ஒன்று. இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மாக்னி 1956ஆம் ஆண்டு ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தில் இறக்கத்தில் விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டார். கைப்பிடியை இடக்கையால் இழுக்க இயலாத நிலையில், மெக்கானிக் ஃபாலியெரோ மாசி ஒரு டியூபை வெட்டிக் கைப்பிடியில் கட்டிக் கொடுக்க, அதன் மறுமுனையைப் பல்லால் கவ்வி இழுத்தபடி பொலோன்யாவில் மலையேறினார். பின்னர், இடக்கையால் பிரேக் பிடிக்க முடியாததால், மீண்டும் விழுந்து மேற்கை எலும்பையும் முறித்துக்கொண்ட அவர், பனிப்பொழிவில் பலர் பந்தயத்தைக் கைவிட்ட போந்தோனே மலையையும் கடந்து, முடிவில் சார்லி கோலுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 35.

மாக்னி நாராயணவனத்தில் விழுந்திருந்தால் அவரைத் தூக்கிச் சென்றிருக்கக்கூடிய இடம் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. புத்தூரை அடுத்த ராச்சபாளையத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு குடும்பத்தார் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகின்றனர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘புத்தூர் கட்டு’ என்று பலகை மாட்டியிருக்கும் வைத்தியசாலைகள் கடன் வாங்கியிருப்பது இந்தப் புத்தூரின் பெயரைத்தான். முறிந்த பகுதியைக் கையால் தடவி இழுத்து நேராக்கி, பச்சிலை விழுதும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசி, துணியால் சுற்றி, மூங்கில் தப்பைகளை வைத்துக் கட்டுவது அவர்களின் முறை. வெண்கரு காய்ந்ததும் துணியோடு சேர்ந்து விறைத்துக்கொள்வதால், எலும்பு மருத்துவர்கள் மாவுக்கட்டால் செய்யும் அதே வேலையை, அதாவது முறிந்த முனைகளை அசையவிடாமல் வைப்பதை, இந்தக் கட்டும் செய்கிறது. நவீன மருத்துவத்திலும் காறை எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டுச் சில வாரங்கள் பொறுத்திருந்தாலே கூடிவிடுகின்றன என்பது, நாட்டுக் கட்டுக்குக் கிடைத்த நற்பெயரில் இந்த எலும்பின் பங்கும் இருக்கிறது என்று ஐயுற வைக்கிறது.

ஆயினும் புகழுக்கு ஓர் எல்லை உண்டு. கட்டு அளவுக்கு மீறி இறுகினால் முன்கைத் தசைக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டு, தசை சுருங்கி, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் நிலையை எலும்பு மருத்துவர்கள் நன்கறிவர். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த காயத்தின் மேல் பச்சிலை இடுவது கிருமித் தொற்றை வரவேற்பதாகும். கட்டிய பின் விரல் நுனி நீலம் பாரித்தாலோ மரத்துப் போனாலோ, கட்டியவர் யாராக இருப்பினும், கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுத்துக் கையோடு கொண்டுவரும் வழக்கம் வைத்தியசாலைகளிலும் பரவியிருப்பது இத்தொடரின் பார்வையில் நல்ல மாற்றம்.

புத்தூரிலிருந்து மேற்கே கார்வேட்டிநகரத்துக்குச் செல்லும் தடத்தைப் பற்றிச் சொல்ல மிச்சமிருப்பது குறைவு. அங்கே வேணுகோபாலர் கோயிலும், ஸ்கந்த புஷ்கரிணி என்னும் படிகள் சூழ்ந்த பெருங்குளமும், பழைய அரண்மனையும் இருக்கின்றன. வேணுகோபாலனை முத்திரையாக வைத்துத் தெலுங்குப் பதங்கள் பாடிய சாரங்கபாணி இவ்வூர் அரசவையைச் சேர்ந்தவர். கல்லை விட்டு நீரைத் தேடுபவர்கள் நாராயணவனத்தை அடுத்த கைலாசகோனை அருவிக்குத் திரும்பலாம். மாம்பழக் காலத்தில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் குறுகலான தடத்தை முழுவதுமாக அடைத்துக்கொண்டு வருவதால், விடியற்காலையில் புறப்படுவதே உசிதம். ஆரணியாற்றின் மணற்படுகையைக் கடக்கும் இடங்களில் எந்த அகல டயரும் உதவாது. இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

சந்திரகிரி அடுத்த வாரத்துக்குப் போகிறது. அக்கோட்டைக்குள் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் மட்டுமே, மரத்துண்டு ஒன்றுகூட இல்லாமல், மூன்று தளங்களாக எழுப்பப்பட்ட ராஜ மகாலின் வளைவுகளையும், 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்ற ஏற்பாட்டில் சந்திரகிரி அரசுக்கு இருந்த பங்கையும் ஒரு பக்கத்தில் அடக்க முடியாது. அங்கே செல்லும் சாலை முழுவதும் தார் என்பதால், சுவர்ணமுகி ஆற்றை ஒட்டிய மண் தடம் ஏதேனும் கோட்டை வாசல்வரை செல்கிறதா என்பதும் அப்போது பார்க்கப்படும்.

(தொடரும்)