இந்தியாவின் முதல் போஸ்ட்மார்ட்டம்: கழுவாத உரலால் வந்த வினை!

சேலம், நாமக்கல் அரசு மருத்துவமனைகளின் பிணவறை வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சாதான் பாடி தருவாங்க." சந்தேக மரணம் என்றால் உடற்கூராய்வு என்பது இன்று சட்ட நடைமுறை. இதற்கு இந்தியாவில் பதிவான முதல் சம்பவம், 330 ஆண்டுகளுக்கு முன்பு நம்ம சென்னையில் நடந்தது.

என்ன நடந்தது?

1693 ஆகஸ்ட். புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்திய கம்பெனியின் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு உடம்பு சரியில்லை. கோட்டை சர்ஜன் சாமுவேல் பிரவுன் முத்துப்பொடி மருந்து கொடுக்கச் சொன்னார். சிக்கல் அங்கேதான். ஏற்கெனவே ஆர்சனிக் இடித்த உரலைச் சரியாகக் கழுவாமல், அதிலேயே பணியாள் முத்தையும் பொடித்துவிட்டார். வீலர் இறந்துபோனார்.

பிரவுன் மறைக்கவில்லை. 'என்னால்தான் இறந்தார், எனக்குத் தண்டனை கொடுங்கள்' என்று தானே எழுதிக் கொடுத்தார்.

யார் பரிசோதித்தது?

முந்தைய ஆண்டுதான் சென்னைக்கு வந்திருந்த டாக்டர் எட்வர்ட் பல்க்லி. வீலரின் உடலைத் திறந்து பார்த்து, கண்டதை அறிக்கையாக எழுதினார். இந்தியாவின் முதல் மருத்துவ-சட்ட உடற்கூராய்வாகச் சொல்லப்படுவது இதுதான். ஆனால், உடலில் உள்ள ஆர்சனிக்கை நம்பகமாகக் கண்டறியும் மார்ஷ் சோதனை வந்ததே 1836-ல்தான். பல்க்லிக்கு இருந்தது கண்ணும் கையும் மட்டுமே.

பிரவுன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம் இல்லை என ஜூரி சொல்ல, விடுதலையானார்.

அப்புறம்?

பிரவுன் சென்னை சுற்றுவட்டாரத்தில் செடிகளைச் சேகரித்தார். உள்ளூர் பெயர், மருத்துவப் பயன் ஆகியவற்றோடு லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். பல்க்லியும் அதே வேலையைத் தொடர்ந்தார். அந்த உலர் செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல்க்லி 1714-ல் சென்னையிலேயே காலமானார்.

இன்று என்ன விதி?

2024 ஜூலை 1 முதல், சந்தேக மரணங்களில் போலீஸ் விசாரணை பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவின் கீழ் நடக்கிறது. முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு. விஷம் என்ற சந்தேகம் இருந்தால் உள்ளுறுப்பு மாதிரிகள் தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும்.

பிணவறை வாசலில் காத்திருப்பது கொடுமைதான். ஆனால் 'எப்படிச் செத்தார்' என்ற கேள்விக்கு வதந்தி பதில் சொல்லக் கூடாது, உடல்தான் சொல்ல வேண்டும். அந்தக் காத்திருப்புக்கான காரணம் அதுதான்.