படகில் போகும் விருந்தாளிகள்

சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே, பால்டிக் கடலில் ஏறத்தாழ 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. பலவற்றில் கோடைக்கால வீடுகள் உண்டு. எல்லாத் தீவுக்கும் பாலம் கிடையாது. ஆகவே நண்பர் வீட்டுக்குப் போவதென்றால் பலருக்கும் சொந்தப் படகுதான் வாகனம். 12 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் தாண்டாத படகை ஓட்ட உரிமம்கூடத் தேவையில்லை.

தூரம் அதிகமில்லை. 5 நாட் வேகத்தில் செல்லும் பாய்மரப் படகு 15 கடல் மைலை மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும். தீவுகள் அரணாக நிற்பதால் பெரிய அலை வராது. ஏற்ற வற்றமும் இல்லை என்றே சொல்லலாம். ஆபத்தெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும் பாறை அடிப்பாகத்தைக் கிழித்துவிடும். கடல் வரைபடத்தில் விரலை வைத்தபடி போகிறவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

கரையணைவது தனி வித்தை. படகு மெல்ல நெருங்கும்போதே பின்னால் நங்கூரத்தை இறக்கிக் கயிற்றை விட்டுக்கொண்டே வருவார்கள். முனை பாறையைத் தொடுமுன் ஒருவர் குதித்து, மரத்திலோ பாறை இடுக்கில் அடித்த இரும்பு ஆணியிலோ கயிற்றைக் கட்டுவார். வீடுகளுக்கு அருகில் இல்லாதவரை, ஓரிரு நாள் தங்க யாரையும் கேட்க வேண்டாம். நாட்டு வழக்கமே அந்த உரிமையைத் தருகிறது. தனியார் படகுத்துறைக்கு மட்டும் அனுமதி வேண்டும். பறவைகள் குஞ்சு பொரிக்கும் சில தீவுகளைப் பிப்ரவரி 1 முதல் ஆகஸ்ட் 15 வரை நெருங்கவே கூடாது.

விருந்தில் மது இருந்தால் திரும்பும் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைப்பதே வழி. 10 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள படகையோ, 15 நாட் வேகம் எட்டக்கூடியதையோ குடித்துவிட்டு ஓட்டுவது அங்கே குற்றம்.