சோழி கணித்த கிரகணமும் கடவுளுக்கான தருக்கமும்

கிரகணம் வரும்போதெல்லாம் ஒரு வாதம் நம் காதில் விழுகிறது. "தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே கிரகணம் பிடிக்கும் நாளையும் நாழிகையையும் நம் பஞ்சாங்கம் சொல்லிவிட்டது. அது சரியென்றால், அதே பஞ்சாங்கம் சொல்லும் ராகுவும் கேதுவும் மட்டும் எப்படிப் பொய்யாகும்? கர்ப்பிணி வெளியே வரக்கூடாது என்பது மட்டும் எப்படி மூடநம்பிக்கையாகும்?" இப்படிக் கேட்கும் மாணவரை அதட்டி உட்காரவைப்பது எளிது. ஆனால் இது நல்ல கேள்வி. சமய நம்பிக்கையைத் தருக்கத்தாலும் பகுத்தறிவாலும் நிலைநாட்ட முடியுமா என்ற பெரிய கேள்விக்கு இதுவே வாசற்படி. அந்த வாசற்படியைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை, புதுச்சேரியிலேயே இருக்கிறது.

1760-இல் லெ ழாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலார் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக்கோள் சூரியனின் குறுக்கே கடப்பதை இங்கிருந்து அளப்பது அவர் நோக்கம். ஆனால் அவ்வாண்டு ஜனவரியிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நடுக்கடலில் ஆடும் கப்பலில் நின்று பார்த்தார். அந்த அளவீடு எதற்கும் பயன்படவில்லை. மனந்தளராமல் காத்திருந்து, 1769 ஜூன் 4 அன்று புதுச்சேரியிலேயே தொலைநோக்கியை நிறுத்தினார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது! (அவர் நாடு திரும்பியபோது, மனிதர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி உறவினர் சொத்தைப் பங்குபோட முனைந்திருந்தனர். அனுமானம் எப்படித் தவறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?)

வெள்ளி ஏமாற்றினாலும் புதுச்சேரி அவரை வெறுங்கையுடன் அனுப்பவில்லை. இங்கிருந்த தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறைப்படி கணித்தபோது வந்த பிழை வெறும் 41 விநாடி. ஐரோப்பாவில் அன்று பெரிதும் மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைகளின்படி வந்த பிழை 68 விநாடி.

அடுத்த சாட்சி ஜான் வாரன். ஒரு காலத்தில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைக் கொண்டே 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. அந்தக் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்றும் வாரன் எழுதினார். இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள்.

சோழிகளால் இது எப்படி முடிந்தது? சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைவாகவும் தொலைவில் போகும்போது மெதுவாகவும் செல்கிறது. அருகிலிருந்து புறப்பட்டு மீண்டும் அருகே வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். இதை 9-ஆல் பெருக்குங்கள்: 248 நாள், மிகச் சிறிய குறைவுடன். 110-ஆல் பெருக்கினால் 3031 நாள். ஆகவே 248 நாளுக்குச் சந்திரனின் இடத்தை ஒருமுறை கணித்து, எண்களை எழுத்துகளாக்கி, வாக்கியங்களாக மனப்பாடம் செய்துகொண்டால் போதும். மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயரின் பொருள் இதுதான். சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப்பாதையை வெட்டும் இரு புள்ளிகளுக்கு ராகு, கேது என்று பெயர். பூரணைச் சந்திரன் அப்புள்ளியருகே வந்தால் பூமியின் நிழலில் விழும். கிரகணம் நிழலால் ஆவது என்பதை ஆரியபடர் கி.பி. 499-லேயே சொல்லிவிட்டார்.

ஆக, கணக்கில் வரும் ராகு ஒரு புள்ளி. கதையில் வரும் ராகு ஒரு பாம்பு. சோழிக்குத் தேவைப்பட்டது புள்ளி மட்டுமே. இன்னொரு செய்தியும் உண்டு. கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கபவர் 1952-இல் இந்தத் தமிழ் முறையை ஆராய்ந்து, பாபிலோனியரின் எண் முறைகளோடு அதற்கு உறவு இருப்பதை எடுத்துக்காட்டினார். அதே 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் இருக்கிறது. அவர்கள் வணங்கியது மர்துக் என்னும் தெய்வத்தை. எண் ஒன்று, தெய்வம் வேறு, விடையோ இரண்டு இடத்திலும் சரி. அப்படியானால் விடை சரியாக இருப்பது எந்தத் தெய்வத்துக்குச் சாட்சி?

தருக்கத்தில் இப்பிழை மிகப் பழையது. மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்பது போன்றது. குடிநீர்க் குழாய் உடைந்தும் தெரு நனையும் அல்லவா? எதிர்ப்புறம் நிற்பவரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ராகு பாம்பில்லை, ஆகவே கடவுள் இல்லை என்பதும் அதே அளவு ஓட்டை வாதந்தான்.

இனி நேர் வழியில் கடவுளை நிறுவ முயன்றவர்களைப் பார்ப்போம். நியாய நூலார் அனுமானத்தில் வல்லவர்கள். மலையில் புகை தெரிகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையைப் போல. ஆகவே மலையில் நெருப்பு உண்டு. மணிமேகலை படித்தவர்களுக்கு இது பழகிய எடுத்துக்காட்டு. இதே அச்சில் உதயனர் என்ற பேரறிஞர் 'நியாய குசுமாஞ்சலி' எழுதினார். குடம் செய்யப்பட்ட பொருள், அதற்குக் குயவன் உண்டு. உலகமும் செய்யப்பட்ட பொருள், அதற்கும் ஒரு கர்த்தா உண்டு என்பது அவர் காட்டிய காரணங்களுள் முதன்மையானது. நம் சைவ சித்தாந்த நூல்களும் இந்த வழியில் நடந்திருக்கின்றன.

இவ்வாதத்தைக் கடுமையாக மறுத்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? நாத்திகர் அல்லர், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர்! 'ஸ்ரீபாஷ்ய'த்தில் அவர் எழுப்பும் தடைகள் எவரையும் திகைக்க வைக்கும். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவரால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கக்கூடாதா? நாம் கண்ட குயவர் எல்லாரும் உடம்புள்ளவர், அறிவில் குறையுள்ளவர். அந்த உவமையால் உடம்பில்லாத, முற்றும் அறிந்த ஒருவனை எப்படி எட்டுவது? ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமின் உரையாடல் நூல் வெளிவந்தது 1779-இல். கப்பலைப் பலர் கூடிக் கட்டுவதுபோல் உலகையும் பலர் கட்டியிருக்கலாமே என்று அதில் வரும் கேள்வி, இராமாநுசர் பல நூற்றாண்டு முன்பே கேட்டது. ஹியூம் ஐயத்தில் நின்றார். இராமாநுசர், கடவுளை அறிய மறை ஒன்றே வழி என்று நின்றார். இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்று: குயவனிலிருந்து கடவுளுக்கு அனுமானப் பாலம் இல்லை. என் கருத்தும் அதுவே. குடம் வனைவதை நாம் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். உலகம் வனைவதை ஒருமுறையும் பார்த்ததில்லை.

பாஸ்கல் வேறு வழி பார்த்தார். அழுத்தத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே பாஸ்கல்தான். அவர் மறைந்தபின் 1670-இல் வெளியான நூலில் ஒரு பந்தயம் இருக்கிறது: கடவுளை நம்பி அவர் இருந்தால் கிடைப்பது எல்லையற்ற இன்பம், இல்லாவிட்டால் இழப்பது சொற்பம், ஆகவே நம்புவதே இலாபம். பந்தயத்தில் குதிரை ஒன்றே என்றால் கணக்கு சரி. ஆனால் மணக்குள விநாயகர் கோயிலும் ஜென்மராக்கினி மாதா ஆலயமும் குத்பா பள்ளிவாசலும் உள்ள இவ்வூரில் அவர் வாழ்ந்திருந்தால், எதில் பணம் கட்டுவது என்று அவரே திணறியிருப்பார்.

"உங்கள் விஞ்ஞானமும் நம்பிக்கைதானே? இயற்கை நாளையும் இன்றுபோல் நடக்கும் என்பதை நிரூபிக்க முடியுமா?" என்று இங்கே ஒரு மாணவர் மடக்குவார். முடியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் வாரனின் குறிப்பை மீண்டும் பாருங்கள்: 4, 23, 52. கணிப்பு தவறும் இடம் அங்கே நிமிடக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பிழைகளைத் திருத்தவே திருக்கணிதப் பஞ்சாங்கம் பிறந்தது. எது நடந்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்று கேட்டால், கணிதர் விடை சொல்வார். குயவன் வாதமோ எது நடந்தாலும் அசையாது. அதனாலேயே அது எதையும் முன்கூட்டிச் சொல்வதுமில்லை.

பிரார்த்தனை மனத்துக்கு அமைதி தருகிறது என்பவரோடு தருக்கத்துக்கு வழக்கில்லை. அவர் அதனிடம் சான்றிதழ் கேட்கவுமில்லை. ஆனால் கிரகணத்தைக் கண்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பது உடலைப் பற்றிய கூற்று. அது சோதனைக்கு உட்பட்டே ஆக வேண்டும். கருவுற்ற காலம் முழுதும் கிரகணமே காணாத தாய்க்கும் அத்தகைய குழந்தை பிறக்கிறது. சந்திர கிரகணத்தில் நம்மேல் விழுவது குறைந்துபோன நிலவொளி, அவ்வளவே. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பது மட்டும் ஆபத்து; அது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, எல்லார்க்கும். மாறாக, நிறைகர்ப்பிணி ஒருத்தியை மணிக்கணக்கில் தண்ணீரும் தராமல் அறையில் அடைத்து வைப்பதன் தீங்கு மெய்யானது.

அடுத்த சந்திர கிரகணத்தன்று வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரியான கடிகாரத்துடன் மொட்டைமாடிக்குச் செல்லுங்கள். முதலில் விழும் மெல்லிய புறநிழல் கண்ணுக்கு எளிதில் தெரியாது. கருநிழல் சந்திரனின் விளிம்பைக் கடிக்கும் கணத்தையும் விட்டு விலகும் கணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழலின் விளிம்பு மங்கலானது. ஓரிரு நிமிடம் முன்பின் ஆகலாம்.