தாழ்கிளை யப்பானிய மேப்பிள்

யப்பான் நாட்டுத் தோட்டங்களிலே குளக்கரையிலும் கல்லருகிலும், குடை விரித்தாற்போலக் கிளைகளை நிலம் நோக்கித் தொங்கவிட்டு நிற்கும் குறுமரம் ஒன்றுண்டு. இதன் இலைகள் நூல் நூலாகக் கிழித்தாற் போன்றவை. இலையுதிர் காலத்திற் சிவப்பு அல்லது பொன்னிறம் பெறுவன. 1775 ஆம் ஆண்டில் யப்பானுக்குச் சென்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் துன்பெர்க், இலை கைவிரல்போற் பிரிந்திருத்தல் கண்டு இவ்வினத்திற்கு ஏசர் பால்மேட்டம் எனப் பெயரிட்டார். இலையுதிர்த்து ஓய்வதற்குக் குளிர்காலம் வேண்டுமாதலின், நமது தாழ்நிலங்களில் இம்மரம் தேறாது. எனினும் இதனை வளர்க்கும் முறையிற் கமக்காரர் அறியத்தக்கன சில உள.

விதையில் முளைப்பவை தாய்மரத்தை ஒத்திரா. ஆதலால், நம்மவர் மாங்கன்று ஒட்டுதல்போல, சாதாரண மேப்பிள் நாற்றின்மீது இதனை ஒட்டுவர். கன்று வாங்குவோர் ஒட்டிய இடத்தின் உயரத்தையே முதலிற் பார்த்தல் நன்று. கிளைகள் கீழ்நோக்கிச் செல்வதால், ஒரு கிளையைத் தடியிற் கட்டி நிமிர்த்தாவிடின் மரம் அவ்வுயரத்தை அதிகம் தாண்டாது. பத்தாண்டு சென்றும் நான்கைந்து அடியே நிற்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனே நீக்குக. நீக்காவிடின் கட்டையின் தளிர் மேலோங்க, விலை கொடுத்து வாங்கிய மரம் நலிந்துவிடும்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும், நீர் தேங்காத, சற்று அமிலத்தன்மையுள்ள மண்ணும் போதும். வேர் மேலோட்டமாக ஓடுவதால், தண்டைத் தொடாவண்ணம் இரண்டு மூன்று அங்குலம் சருகு பரப்புவர்.

நன்கு பேணிய மரமும் சிலவேளை நடுக்கோடையில் ஒரு கிளை மட்டும் வாடக் காணலாம். நீர் போதாமையே காரணமென எண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் பலர். அக்கிளையை வெட்டிப் பார்த்தால் மரத்தினுள்ளே கருமையான கோடுகள் தோன்றுமாயின், அது வேட்டிசிலியம் என்னும் பங்கசின் வேலை. அது வேர்வழி புகுந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். நோய் கண்ட மரத்தைக் குணமாக்கும் மருந்தில்லை. குளிர்நாடுகளில் உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி ஆகியவற்றை வாட்டுவதும் இதுவே. பயிரை அகற்றிய பின்னரும் பத்தாண்டுக்கு மேலாக மண்ணில் உயிரோடிருக்க வல்லது. நெல், சோளம் போன்ற புல்லினங்கள் பொதுவாக இந்நோய்க்கு ஆளாவதில்லை.

ஆகவே முன்னர் அம்மரக்கறிகள் வாடிய பாத்தியில் மேப்பிளை நடலாகாது. நோயால் மரம் பட்ட குழியிலும் மற்றொரு மேப்பிளை வைத்தல் வீண்செலவே. நோயுற்ற கிளையை வெட்டிய கத்தியைத் துப்புரவாக்கிய பின்னரே அடுத்த மரத்திற் பயன்படுத்துக.