எம்டனுக்கு மார்க் போடும் மாடி

செருப்பைக் கீழேயே விட்டுட்டு வாங்க. படி குறுகல், மேலே தகரக் கூரை, தலை பத்திரம். கடலே கண்ணில் படாத நம்ம கலவை ஊரில், ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து போர்க்கப்பல் ஒன்றைப் பிரித்து மேய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இன்று உள்ளே நுழைந்தாயிற்று!

கப்பல், எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டில் நழுவிய அதே ஜெர்மன் கப்பல். தமிழ் விக்கிப்பீடியாவுக்காக ஒரு தம்பி அதைப் பற்றிப் புதிதாக எழுதி, தன் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பார்க்கும் பக்கத்தில், வைத்திருக்கிறார். அது தேறுமா, தேறாதா? அதுதான் பஞ்சாயத்து.

மேசையைப் பாருங்களேன். ஆற்காடு மக்கன் பேடா டப்பா, சர்க்கரைப்பாகு ஒட்டிய அச்சுத்தாள்கள், சார்ஜர் ஒயர்கள், அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று. சிவப்புப் பேனாவோடு ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பக்கத்தில் மடிக்கணினியும் கையுமாக ஒரு கல்லூரி மாணவி. மூன்றாமவர் ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் செலக்‌ஷன் வேலை பார்க்கிற அண்ணன். எழுதின தம்பி மூலையில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கிறார். மின்விசிறி அவர் பக்கம் திரும்புவதே இல்லை.

சுவரில் ஆசிரியர் கையால் எழுதி ஒட்டிய ஐந்து சொற்கள்: சான்று, முழுமை, அமைப்பு, நடை, படம். ஆங்கில விக்கிப்பீடியாவில் போர் வரலாற்றுக் கட்டுரை ‘பி’ தரம் பெற இந்த ஐந்தையும் தாண்ட வேண்டுமாம்; இந்த மாடியிலும் அதே அளவுகோல்தான். அதற்கு மேலும் படிகள் உண்டு, சிறப்புக் கட்டுரை வரைக்கும்.

நான் முதல் வரியிலிருந்து படிப்பார்கள் என்று நினைத்தேன். அண்ணன் நேராகக் கடைசிக்குப் போனார், மேற்கோள் பட்டியலுக்கு! பளபளக்கிற தோலைப் புரட்டிப் போட்டு உள்பக்கத்தில் கத்தி பட்ட இடம் தேடுகிற அதே கை, அதே கண். “தம்பி, இன்னா இது? பத்துக் குறிப்புல பாதி ஒரே கட்டுரையைப் பார்த்து எழுதினது. ஒருத்தர் சொன்னதை அஞ்சு பேர் சொன்னா அஞ்சு சாட்சியாயிடுமா?” தம்பி ஒரு பேடாவை எடுத்தார், சாப்பிடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்து எண்கள். எத்தனை குண்டு? ஒரு புத்தகம் 125 என்கிறது, இன்னொன்று 130. ஏலம் விடுகிற மாதிரி குரல்கள் எழுந்து, “இரண்டையும் போடு, யார் சொன்னதுன்னும் போடு” என்று அடங்கின. மாணவி ஒரு படத்தைப் பெரிதாக்கினார். விளக்கத்தில் ‘நான்கு புகைபோக்கிகள்’. படத்தில் மூன்றுதான்! நாலாவது, பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க மாட்டிய பொய்ப் புகைபோக்கி; அந்த வேஷத்தில்தான் 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. “நூறு வருஷம் கழிச்சும் ஏமாத்துதே, சரியான எம்டன்!” ஆசிரியர் சிரித்த சிரிப்பில் பேனா மூடி எங்கோ உருண்டது. குனிந்து தேடியதில் நானும் ஒருத்தி.

குண்டு விழுந்ததும் சென்னையை விட்டு ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஓடினார்கள் அல்லவா, அந்தப் பத்தி வந்ததும், காபி கொண்டுவந்த வீட்டம்மா நின்றுவிட்டார். “எங்க பாட்டி சொல்லும், அப்போ சொந்தக்காரங்க பித்தளை அண்டாவைக்கூட விடாம தூக்கினு இங்க வந்தாங்கன்னு. அதையும் எழுதுப்பா.” தம்பி முகம் மலர்ந்தது. “ஆதாரம் எங்க கீது?” என்றார் அண்ணன். “பாட்டிதான்!” “பாட்டியை அடிக்குறிப்புல போட முடியாதும்மா.” எனக்கென்னவோ அந்த அண்டாவுக்காக ஒரு வரி கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. விதி விதிதான், அண்டா வெளியே போயிற்று.

உண்மையான ரகளை விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளையால். அவர் எம்டனிலேயே வந்தார் என்பது நம் ஊரில் பாலோடு ஊட்டப்பட்ட கதை. தம்பியும் அடித்து எழுதியிருந்தார். ஆவணங்களோ அந்த மாதங்களில் அவரை ஐரோப்பாவில் காட்டுகின்றன. “சார், எங்க தாத்தா கேட்டா அழுவாரு!” என்கிறார் தம்பி. “அழட்டும்டா, நானும் இருபது வருஷம் வகுப்புல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்” என்கிறார் ஆசிரியர். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கைபேசி வெளிச்சத்தில், அச்சுத்தாளால் விசிறிக்கொண்டே சண்டை தொடர்ந்தது. கடைசியில் பிள்ளை கட்டுரையை விட்டுப் போகவில்லை; ‘மக்கள் நினைவில்’ என்ற தலைப்புக்குக் கீழே, வரலாற்றாய்வாளர்கள் ஏற்காத நம்பிக்கையாகக் குடியேறினார்.

தீர்ப்பு? பி கிடையாது, சி! 1908இல் டான்சிக்கில் கடலில் இறங்கிய கப்பல். 1911இல் பசிபிக்கில் போனபே தீவுக் கிளர்ச்சியை ஒடுக்கப் போன கப்பல். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிவாங்கி, வட கீலிங் தீவில் தரைதட்டிய கப்பல். தம்பியோ முக்கால் கட்டுரையையும் சென்னையின் ஒரே இரவுக்குக் கொடுத்துவிட்டார். பாசம்தான், வேறென்ன!

அழுவார் என்று பார்த்தால், தம்பி நோட்டைத் திறந்து சிட்னியின் கேப்டன் பெயர் எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாணவி ஆஸ்திரேலியப் பழைய செய்தித்தாள்களைத் துழாவ ஆரம்பித்தாயிற்று. அண்ணனுக்கு நைட் ஷிப்ட், கடைசிப் பேடாவை வாயில் போட்டுக்கொண்டு பாதிப் படியிலிருந்து கத்துகிறார்: “அடுத்த ஞாயிறு சிட்னி வரணும்டா தம்பி. இல்லன்னா உன் எம்டனை நான் கரையேத்த மாட்டேன்!”