எதிர்க்காற்றும் பெருக்கு நீரோட்டமும்

காற்று எத்திசையினின்று வீசுகின்றதோ அத்திசையை நோக்கியே பாய்க்கப்பலைச் செலுத்துதல் மாலுமியின் கலைகளுள் அரியதொன்றாகும். கடலின் வற்றும் பெருக்கும் எழுப்பும் நீரோட்டமும் அதனோடு சேருமாயின், அக்கலை ஒரு கணித வினாவாகவே மாறிவிடுகின்றது. ஈழத்துக் கரைகளிலே வற்றுக்கும் பெருக்குக்குமிடையேயுள்ள உயர வேறுபாடு பொதுவாக ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஆதலின், இவ்வினாவின் முழு வடிவத்தையும் நம் கடலிற் காண்டல் எளிதன்று. இங்கிலாந்தின் தென்கரையிலோ அஃது அன்றாட நிகழ்ச்சியாகும்.

அக்கரைக்கும் வைற் தீவுக்கும் இடையே கிடப்பது சொலென்ற் என்னும் ஒடுங்கிய நீரிணை. பாய்க்கப்பற் பந்தயங்களுக்கு அது பேர்போனது. 1851 ஆம் ஆண்டிலே 'அமெரிக்கா' என்னும் கப்பல் வாகை சூடிய பந்தயம் இத்தீவைச் சுற்றியே நடைபெற்றது. நீரிணையின் மேற்கு வாயிலில் ஹேர்ஸ்ற் முனையருகே, உவா நாட்களை அடுத்து நீரோட்டம் மணிக்கு 4 கடல்மைலுக்கும் மேற்பட்ட வேகத்தோடு பாய்கின்றது. அங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. ஆகவே, தீவின் வடகரையிலுள்ள கௌஸ் துறையிலிருந்து மேற்கே புறப்படும் கப்பல் எதிர்க்காற்றையும் விரைந்த நீரோட்டத்தையும் ஒருங்கே சந்திக்க நேரிடுகின்றது.

எந்தப் பாய்க்கப்பலும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துச் செல்ல மாட்டாது. காற்றுத் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து ஒருபுறம் சிறிது தூரம் ஓடிப் பின்னர் அணியத்தைத் திருப்பி மறுபுறம் சாய்ந்து ஓடும். இவ்வாறு மாறி மாறி ஓடியே அது காற்று வரும் திசையிலே முன்னேறும்.

இச்சாய்வோட்டம் பற்றி மாலுமிகள் பலரிடையே நெடுங்காலமாக ஒரு கொள்கை நிலவி வருகின்றது. கப்பலின் காற்றுப்படாத பக்கத்து அணியத்தை நீரோட்டம் தாக்குமாயின், அது கப்பலைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளிக் கொடுக்கும் என்பதே அக்கொள்கை. எனவே, அணியத்தைச் சற்றுக் காற்றின் பக்கமாகத் திருப்பி, நீரோட்டத்தை மறுபக்கத்திலே ஏற்றுக்கொள்ளல் வேண்டுமென அவர் கூறுவர். இக்கூற்று பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

கலிலியோ 1632 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே, சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறையினுள்ளே நிகழ்வனவற்றைக் கொண்டு அக்கப்பல் ஓடுகின்றதா நிற்கின்றதா என அறிதல் இயலாது என விளக்கினார். அதே நூலில் வற்றுப்பெருக்குக்கு அவர் கூறிய காரணம் பிழையாயிற்று. 1687 இல் நியூற்றனே சந்திர சூரியரின் ஈர்ப்பைக் காட்டி அதற்கு உண்மை விளக்கம் தந்தார். எனினும், கலிலியோவின் கப்பலறைத் தத்துவம் நம் வினாவுக்கு நேரே விடை தருகின்றது. சீராக ஓடும் நீரே இங்கு அவ்வறையாகும். அதன்மீது மிதக்கும் கப்பல் நீரோடு முழுமையாக ஏந்திச் செல்லப்படுகின்றது. நங்கூரமிட்ட கப்பலையே நீரோட்டம் வந்து தாக்கும். மிதந்தோடும் கப்பல் உணர்வதெல்லாம் நீரைக் கிழித்துத் தான் செல்வதால் எழும் தடையை மட்டுமே. ஆகவே, சீரான நீரோட்டம் ஒருபக்க அணியத்தைத் தள்ளுகின்றது என்பது தோற்றமேயன்றி உண்மையன்று.

அங்ஙனமாயின் நீரோட்டத்தால் விளைவொன்றும் இல்லையோ எனின், உண்டு. அது மூவகைப்படும்.

முதலாவது, இடப்பெயர்ச்சி. நீரிலே மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் 45 பாகை சாய்ந்தோடும் கப்பல், காற்று வரும் திசையிலே மணிக்கு ஏறத்தாழ 3½ கடல்மைல் முன்னேறும். 6 கடல்மைல் தூரத்தை நிலைநீரிலே கடப்பதற்கு அதற்கு 1 மணி 42 நிமிடம் வேண்டும். மணிக்கு 2 கடல்மைல் நீரோட்டம் அதே திசையில் உடன் செல்லுமாயின் 1 மணி 5 நிமிடம் போதும். அந்நீரோட்டம் எதிர்த்து வருமாயின் ஏறத்தாழ 3 மணி 54 நிமிடம் ஆகும். எதிர்நீரோட்டம் மணிக்கு 4 கடல்மைலாக மிகுமாயின், பாய் புடைத்து நிற்கவும் கப்பல் கரையைப் பொறுத்துப் பின்னோக்கியே செல்லும். அவ்வேளையில் நங்கூரமிட்டு ஓட்டம் மாறும்வரை காத்திருப்பவன், ஓயாது பாயைத் திருப்பி உழைப்பவனை முந்திவிடுவான்.

இரண்டாவது, காற்றின் மாற்றம். கரையிலே 10 கடல்மைல் வேகத்தில் வீசும் காற்று, அதனை எதிர்த்து 2 கடல்மைல் வேகத்தில் ஓடும் நீரின்மேல் மிதப்போர்க்கு 12 கடல்மைற் காற்றாகும். காற்றோடு ஒருதிசையில் ஓடும் நீரின்மேல் 8 கடல்மைற் காற்றாகும். ஆதலின், மேலே கூறிய கணக்கில் எதிர்நீரோட்டத்தை ஏற்றவனுக்குக் காற்றும் மெலிய, அவன் இன்னும் பிந்துவான். கரையிலே காற்று முற்றாக அடங்கிய வேளையிலும் ஓடும் நீரின்மேல் மெல்லிய காற்றொன்று உணரப்படும். அது நீர் செல்லும் திசையிலிருந்து வருவது. அக்காற்றிலே சாய்ந்தோடும் கப்பல் வெறுமனே மிதந்து செல்லும் மரக்கட்டையினும் முன்னதாகச் சென்றடையும். இது விந்தைபோலத் தோன்றினும் உண்மையேயாகும்.

நீரோட்டம் காற்றுக்குக் குறுக்கே பாயுமிடத்தே பழைய கொள்கையின் தோற்றுவாய் புலப்படும். காற்று நேர்தெற்கிலிருந்து 10 கடல்மைல் வேகத்திலும், நீர் கிழக்கு நோக்கி 2 கடல்மைல் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். நீரோடு செல்வோர்க்குக் காற்று தெற்கிலிருந்து 11 பாகை கிழக்கே விலகி வரும். ஆதலின், தென்மேற்காக ஓடும் கப்பல் தன் அணியத்தைத் தெற்கிலிருந்து மேற்கே 34 பாகை அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். நீரும் அதனைக் கிழக்கே ஏந்திச் செல்வதால், கரையிலிருந்து நோக்குவார்க்கு அது தெற்கிலிருந்து 11 பாகை மட்டுமே விலகிச் செல்வதாகத் தோன்றும். நீர் தள்ளிவிட்டது என மாலுமி மகிழ்வது இவ்விடத்திலேயே. மறுபுறம் ஓடுகையிலோ அதே நீர் அவனைத் தெற்கிலிருந்து கிழக்கே 66 பாகைவரை விலக்கிவிடும். நேர்தெற்கே 6 கடல்மைல் தொலைவிலுள்ள இலக்கை அடைவதற்கு முதலோட்டத்தில் 80 நிமிடமும் மற்றையதில் 10 நிமிடமும் செல்லல் வேண்டும். இரண்டனுள் எதனை முன்னர்ச் செய்யினும் மொத்தக் காலம் ஒன்றே. காவிகளைக் கூட்டும் வரிசை விளைவை மாற்றாதன்றோ? அணியத்தை மேலும் காற்றின் பக்கம் நெருக்குபவனோ வேகங்குன்றி, பக்கவாட்டிலும் வழுவி, பயனை இழப்பான்.

மூன்றாவது விளைவே பந்தயங்களை வெல்விப்பது. மேற்கண்ட கணக்கு நீரோட்டம் எங்கும் எப்பொழுதும் ஒரே சீராயுள்ளதெனக் கொண்டது. உண்மையிலோ அது நடுக்கால்வாயிலே விரைந்தும், கரையோர ஆழங்குறைந்த இடங்களிலே மெலிந்தும் ஓடும். முனைகளின் பின்னே சுழன்று எதிராகவும் திரும்பும். கரையோரத்திலே ஓட்டம் பெரும்பாலும் முன்னதாகவே மாறும். பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குவரை ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்ல, அதன் இடையிலே ஓட்டம் ஒரு திசையில் வளர்ந்து தளர்ந்து மறுதிசையில் வளர்கின்றது. உவாவை அடுத்து அது மிகும். அட்டமியை அடுத்துக் குறையும். இவ்வாறு இடத்தாலும் காலத்தாலும் வேறுபடும்போது, எப்பக்கம் முதலில் ஓடுவது என்பது பெரிதும் பொருட்படுத்தற்குரியதாகின்றது. எதிர்நீரோட்டத்திலே கரையை அண்டியும், உடன்செல்லும் நீரோட்டத்திலே நடுக்கால்வாயை நாடியும் செல்வதே தேர்ந்தோர் வழக்காகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் இன்றியமையாதது. சொலென்றின் மேற்குப் பகுதியில் வற்றோட்டம் மேற்கு நோக்கிச் சென்று, எதிர்க்காற்றிலே வெளியேறுவோனை விரைந்து ஏந்திச் செல்லும். ஆயின், காற்றை எதிர்த்தோடும் நீரிலே அலைகள் நெருங்கிக் குறுகிச் செங்குத்தாய் எழும். நீடில்ஸ் பாறைகளை அடுத்த வாயில், தென்மேற்குப் புயலும் வற்றோட்டமும் எதிர்ப்படும் வேளையிலே பேரபாயம் விளைப்பது. போட்லாந்து முனையின் கொந்தளிப்பும் அத்தகையதே. கணக்கிலே மிக விரைவான நேரமே கடலிலே மிகக் கொடிய நேரமாக அமைதல் கூடும். பந்தயத்திலே தோற்றவன் மறுமுறை வெல்லலாம்; மூழ்கிய கலத்துக்கு மறுமுறை இல்லை.

எனவே, கப்பலோட்டியானவன் நீரோட்டம் எப்பக்கத்தைத் தாக்குகின்றது என வினாவுதல் வேண்டா. அது எங்கே, எப்பொழுது, எவ்வளவு வேகத்தோடு தன்னை ஏந்திச் செல்கின்றது என்றும், காற்றோடு எதிர்ப்பட்டு எத்தகைய அலையை எழுப்புகின்றது என்றும் வினாவுதல் வேண்டும். வகுப்பறையிலே சார்பு வேகத்துக்கு வரையும் ஒரு சிறு முக்கோணம், கடலிலே கலத்தையும் உயிரையும் காக்கும் அறிவாக விளங்குவதை மாணவர் இதனால் உணர்வாராக.