வண்ணத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்கு

நுழையும்முன்

வண்ணப்படம் ஒன்று கறுப்பு மையில் அச்சாகும்போது பல வேளைகளில் உயிரிழந்து காணப்படுகிறது. திரையில் தனித்துத் தெரிந்த செம்மலர் தாளில் இலையோடு இலையாகக் கலந்துவிடுகிறது. இக்குறைக்கு அச்சுப்பொறி மட்டுமே காரணமன்று. நிறத்தை ஒளியின் அளவாக மாற்றும் முறையிலும் காரணம் உண்டு. அம்முறையை அறிந்துகொள்வோம்.

எண்களால் ஆன படம்

எண்ணிம ஒளிப்படம் எண்ணற்ற படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவுகள் எண்களாகப் பதிவாகியுள்ளன. பொதுவாக வழங்கும் படக்கோப்புகளில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை 256 படிநிலைகளைக் கொண்டிருக்கும். மூன்றும் 0 எனில் கறுப்பு. மூன்றும் 255 எனில் வெள்ளை. மூன்றும் சமமாக இருப்பின் இடைப்பட்ட சாம்பல்.

ஆகவே, ஒரு வண்ணப்படம் என்பது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று ஒற்றைநிறப் படங்களே ஆகும். 1861ஆம் ஆண்டு இலண்டனில் ஜேம்சு கிளார்க் மாக்சுவெல் விளக்கிக் காட்டிய வண்ண ஒளிப்படமும் இவ்வாறே உருவானது. ஒரு வண்ண நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிப்பான்களின் வழியாகத் தனித்தனியே கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களை அதே நிற ஒளிகளால் திரையில் ஒன்றுசேர்த்துக் காட்டினார் அவர். கறுப்பு வெள்ளைக்கு மாற்றுதல் என்பது இம்மூன்று படங்களையும் எந்த விகிதத்தில் கலந்து ஒன்றாக்குவது என முடிவுசெய்வதே.

சராசரியும் கண்ணின் கணக்கும்

மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுப்பது எளிய வழி. ஆயின், அவ்வழியில் தூய சிவப்பு, தூய பச்சை, தூய நீலம் மூன்றும் 85 என்னும் ஒரே சாம்பலாகிவிடும். நம் கண்ணோ அவற்றை ஒரே ஒளிர்வுடையனவாகக் காண்பதில்லை. பச்சை மிகப் பொலிவாகவும் நீலம் மிக மங்கலாகவும் தோன்றும். இவ்வியல்பைக் கருத்திற்கொண்டு, தொலைக்காட்சித் துறையில் வகுக்கப்பட்ட விகிதம் ஒன்று இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி சிவப்பிற்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்திற்கு 0.114 என மதிப்பளித்துக் கூட்டவேண்டும். அப்போது தூய சிவப்பு 76 ஆகவும் பச்சை 150 ஆகவும் நீலம் 29 ஆகவும் அமையும்.

இதுவும் எல்லாப் படத்திற்கும் பொருந்திவிடாது. ஒரு செம்மலரின் அளவு சிவப்பு 200, பச்சை 40, நீலம் 40 எனவும், அதன் பின்னுள்ள இலையின் அளவு 50, 115, 50 எனவும் கொள்வோம். மேற்கண்ட விகிதப்படி கணக்கிட்டால் இரண்டும் 88 என்றே வரும். கண்ணுக்கு முற்றிலும் வேறான மலரும் இலையும் தாளில் ஒரே சாம்பலாகிவிடும். நிறத்தால் மட்டும் வேறுபட்டு, ஒளிர்வால் ஒத்திருக்கும் பொருள்கள் யாவற்றிற்கும் இந்நிலையே நேரும்.

கலவையைத் தேர்தல்

இதற்குத் தீர்வு, விகிதத்தை நாமே அமைத்துக்கொள்வதாகும். சிவப்பு 60, பச்சை 30, நீலம் 10 விழுக்காடு எனக் கலந்தால் மலர் 136 ஆக ஒளிரும். இலை ஏறத்தாழ 70 ஆக இருளும். விகிதங்களின் கூட்டுத்தொகை 100 ஆக இருத்தல் வேண்டும். மிகுந்தால் படம் வெளிறும், குறைந்தால் இருண்டுவிடும். படம் திருத்தும் மென்பொருள்கள் பலவற்றில் இவ்வசதி உண்டு.

படச்சுருள் காலத்துக் கலைஞர்கள் இதையே வில்லையின்முன் வண்ண வடிப்பானைப் பொருத்திச் செய்தனர். 1927ஆம் ஆண்டு அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அன்செல் ஆடம்சு, செந்நிற வடிப்பானைப் பயன்படுத்தி நீலவானத்தை ஏறக்குறையக் கறுப்பாக்கி, அரைக்கோளக் குன்றின் பாறைமுகத்தை ஓங்கி நிற்கச் செய்தார். அன்று படமெடுக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டியிருந்ததை இன்று எடுத்தபின்னும் முடிவுசெய்யலாம். ஆகையால், வண்ணத்திலேயே படமெடுத்து, மூலத்தைப் பாதுகாத்து, படியில் மட்டும் மாற்றம் செய்தல் நன்று. அழித்த வண்ணத்தைப் பின்னர் மீட்டெடுக்க இயலாது.

தாளும் மையும்

திரை தானே ஒளிவீசுவது. தாளோ தன்மீது விழும் ஒளியைத் திருப்பியனுப்புவது. எனவே, திரையில் கண்ட பொலிவு தாளில் கிட்டாது. மேலும், அச்சகத்தில் சாம்பல் மை என ஒன்று பெரும்பாலும் பயன்படுவதில்லை. கறுப்பு மையையே சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக இட்டுச் சாம்பலைத் தோற்றுவிக்கின்றனர். செய்தித்தாளில் ஓர் அங்குலத்திற்கு 85 முதல் 100 வரையும், வழுவழுப்பான தாளில் 150 அளவிலும் புள்ளிவரிசைகள் அமையும்.

சொரசொரப்பான தாளில் மை ஊறிப் பரவுவதால் புள்ளிகள் பெருக்கும். பாதியளவு நிரம்பவேண்டிய இடம் 70 விழுக்காட்டிற்கு மேலும் நிரம்பிவிடுவதுண்டு. எனவே, அத்தாளுக்கான படத்தில் இடைநிலைச் சாம்பலை முன்கூட்டியே சற்று வெளிறச் செய்தல் வேண்டும். நல்ல தாளில் அச்சிட அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் தேவை. 6 அங்குல அகலத்திற்கு 1800 புள்ளிகள் இருத்தல் வேண்டும். முழுப் பக்கத்தையும் அச்சிடுமுன் சிறு பகுதியை அதே தாளில் அச்சிட்டுப் பார்ப்பது செலவையும் ஏமாற்றத்தையும் தவிர்க்கும்.

உண்மை காத்தல்

இம்மாற்றம் அழகு சார்ந்தது மட்டுமன்று. சிவப்பு, பச்சைக் கோடுகளால் வேறுபடுத்திய வரைபடம் கறுப்பு வெள்ளையில் அச்சானால் எக்கோடு எதைக் குறிக்கிறது என்பதே விளங்காது. அங்கே தொடர்கோடு, புள்ளிக்கோடு என வடிவத்தால் வேறுபடுத்துவதே முறை.

மனித முகங்களில் இன்னும் கருத்து தேவை. தோல் சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பியனுப்புகிறது. ஆதலால், சிவப்பின் பங்கைக் கூட்டினால் எம்முகமும் வெளிறித் தோன்றும். நீலத்தின் பங்கைக் கூட்டினால் மேலும் கறுத்துத் தோன்றும். கலவையில் செய்யும் சிறு மாற்றம் ஒருவரது இயல்பான தோற்றத்தையே மாற்றிவிடக்கூடும். பள்ளி மலரில் அச்சாகும் குழுப்படத்தில் ஒவ்வொரு மாணவரும் தம்மைத் தாமாகவே காணவேண்டும். கருநிற முகங்களின் கண்ணும் முறுவலும் மையில் மூழ்கிவிடாமல் நிழற்பகுதியின் நுட்பங்களைக் காப்பது வேண்டும். முகத்தை வெளுக்கச் செய்வது வேண்டா.

எதை ஒளிரச் செய்வது, எதை இருளச் செய்வது என்னும் தேர்வை மென்பொருளிடம் முழுமையாக விட்டுவிடலாகாது. அஃது எண்களை மட்டுமே அறியும். படத்தில் இருப்பது மலரா, மனிதரா, அவர் எத்தகைய தோற்றமுடையவர் என்பதை நேரில் கண்டறிந்தவர் படமெடுத்தவரே. அவ்வறிவோடு விகிதத்தைத் தேர்ந்தால், வண்ணம் நீங்கிய பின்னும் படம் தான் கண்டதைப் பிழையின்றிச் சொல்லும்.